ஒன்பதாவது குவியல்

காக்கமாஸுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர்.
கரீப் ஆற்றின் பச்சை
கண்ணாடியில் சுருங்கிச் சுருங்கி
ஒரு நூலாகி அறுந்துபோனது.
இங்கே வரப்போவது சூரியப் பலகைகள்,
எண்ணூறு எக்டேருக்கு.
அதற்கு முன்னால் வந்தவர்களை
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

படிவத்தில் நீளம், அகலம், உயரம்.
கல்லறையா? ஆம், இல்லை.
இடையூறு உண்டா? ஆம், இல்லை.
யாரால் யாருக்கு என்று
அதில் கேட்கவில்லை.

முதல் குவியல் முழங்கால் உயரம்.
நடுவில் ஒரு குத்துக்கல்,
கூப்பிட்டதற்குத் திரும்பியதுபோல்
மேற்கே கொஞ்சம் சாய்ந்து.
பாறைப்பாசி, பழைய பெயின்ட்போல ஆரஞ்சு நிறத்தில்
காய்ந்து ஒட்டியிருக்கிறது.
தலைமாடு எது கால்மாடு எது தெரியாமல்
டேப்பைப் பிடித்துக்கொண்டு வலமாகச் சுற்றினேன்.
சாவுக்கு இடமாகச் சுற்றவேண்டும் என்பது
ஐந்தாவதில்தான் நினைவு வந்தது.
திரும்பப் போய் நான்கையும்
இடமாகச் சுற்றிவிட்டு வந்தேன்.
நாற்பத்து மூன்று டிகிரி.

டிரைவர் ஜெரல்ட் ஸ்வார்ட்போய்
வண்டியை விட்டு இறங்கினால்
சிகரெட்டுக்கும் முன்னால்
ஒரு கல்லை எடுத்துக் குவியலில் போடுகிறான்.
"தொடாதே, இது ஆதாரம்" என்றேன்.
"போடாமல் போனால் டயர் வெடிக்கும், மேடம்.
உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்."
கூட்டிக்கொண்டேன்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருந்தது: பதுக்கை.
வழியில் அம்பு பட்டு விழுந்தவன்மேல்
போகிறவர்கள் போட்டுவிட்டுப் போன கல்.
பாலையை விட்டு ஊருக்குள் வந்ததும்
அந்தச் சொல்லை நாம்
அரிசி மூட்டைக்கும் கள்ளப் பணத்துக்கும்
கொடுத்துவிட்டோம்.
இறந்தவர்களைப் பதுக்க
நமக்கு இடம் தேவைப்படவில்லை.

தனபாலன் என் அண்ணன்.
சாட்ஸ்வொர்த்தில் ரொட்டி வேன் ஓட்டியவன்.
அவன் போன வாரம்
நான் போஃபாடருக்கு அப்பால் இதே வேலையில் இருந்தேன்.
கல் ஊன்றியதைப் போனில் காட்டினார்கள்.
பக்கத்து வீட்டு ஜல்லிக் குவியலில் எடுத்தது,
கராஜ் ஓரம், மஞ்சள் துணி சுற்றி.
எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தபோது
சிக்னல் போய்விட்டது.
திரும்ப வந்தபோது எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.
பதினாறாம் நாள் கல்லெடுப்பு.
உம்கேனி கடலில் விழும் இடத்தில்
கல்லை எறிந்தபோது
தூண்டில் போட்டிருந்த ஒருவர்
மீன் ஓடிவிடும் என்று கத்தினாராம்.

இங்கே ஆயிரம் வருடம், இரண்டாயிரம் வருடம்,
யாரும் எடுக்கவில்லை.
யாரோ எடுத்துவிடாதபடி
எல்லோரும் ஒவ்வொன்றாகக் கூட்டியிருக்கிறார்கள்.

ஒன்பதாவது பாதையோரம்.
மற்றவற்றைவிடக் குள்ளம், பாசி இல்லை.
இரண்டு கல்லை நகர்த்தியதும் தெரிந்தது
ஓர் இரும்பு முளை,
தலையில் சிவப்புப் பெயின்ட், எண் பதினேழு.
போன வருடம் கம்பெனிக்கு அளக்க வந்தவர்கள்
அடித்துவிட்டுப் போனது.
ஆடு மேய்க்கிறவர்கள், லாரிக்காரர்கள்,
டயருக்குப் பயந்தவர்கள்
கல்லறை என்று நினைத்தோ நினைக்காமலோ
போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மொத்தம் அறுபத்திரண்டு கல்,
கீழே ஒருவரும் இல்லை.

கல்லறையா?
'ஆம்' என்று தொட்டால்
சுற்றி முப்பது மீட்டருக்குப் பலகை வராது.
இரும்புக்கு அவ்வளவு மரியாதையா என்று
யாரும் வந்து தோண்டப்போவதில்லை.
விரல் கொஞ்ச நேரம் திரைக்குமேல் நின்றது,
வியர்வை ஒரு சொட்டு விழுந்து
அதுவாக எதையோ தேர்ந்தெடுத்தது.
துடைத்துவிட்டு
'இல்லை' என்று தொட்டேன்.

பிறகு பாதையைத் தாண்டிப் போய்
கைக்கு அடங்குகிற
ஒரு வெள்ளைக் கல்லைத் தேடி எடுத்து வந்து
அறுபத்து மூன்றாவதாக வைத்தேன்.
மஞ்சள் துணிக்கு அளவு நாடாவின் நுனியைச்
சற்று நேரம் சுற்றிவைத்தேன்.
எள் இல்லை. பாட்டிலில் தண்ணீர் இருந்தது.
ஜெரல்ட் சிகரெட்டை அணைத்துவிட்டு
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

புல்டோசர் வர இன்னும் மூன்று வாரமாம்.
பதினாறு நாளுக்கு
அது போதும்.